நாணேற்று விசை: பழைய ரைபிள்களில் அமைந்த ஒரு நுண்பொறி

எலிப்பொறியை வைத்துப் பழகியவர்கள் ஓர் இயந்திர உண்மையை அறிவார்கள். பொறியின் வில் எலியின் கழுத்தை முறிக்கும் அளவுக்கு வலியது. அதனை இழுத்து மாட்டுவதற்குப் பெரியவர்களின் கைவலி வேண்டும். ஆயினும் அதை விடுவிப்பதற்குக் கருவாட்டுத் துண்டின்மேல் எலியின் மூக்குப் படுவதே போதும். சங்க நூல்களில் அடார் என்று குறிக்கப்படும் கற்பொறியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாரமான கல்லைச் சாய்த்து நிறுத்தி, சிறு அசைவுக்கே அது விழும்படி அமைப்பர். பேராற்றலைக் கட்டி வைத்து, மெல்லிய தொடுகையால் அதனை அவிழ்த்து விடுவது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்ட தந்திரமாகும்.

இத்தந்திரத்தை ஒரு துப்பாக்கியின் வயிற்றுக்குள், இரண்டு விரல் அகல இடத்தில் அடக்கிக் காட்டியவர்கள் ஜெர்மானிய நாடுகளின் கைவினைஞர்கள் ஆவர். ஆங்கிலத்தில் இதனைச் 'செட் டிரிகர்' என்பர். வில்லில் நாணை ஏற்றி வைத்துக்கொண்டு பிறகு அம்பை விடுவது போல, முதலில் ஏற்றி வைத்துப் பின்னர்த் தொட்டு விடுவதால், நாம் இதனை 'நாணேற்று விசை' எனலாம். உவமைக்காக மட்டும் இப்பெயர் பொருந்துகிறது என்பதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரின் வேட்டைக் குறுக்குவில்களில் இவ்வகை விசை இருந்தது. அங்கிருந்தே அது ரைபிளுக்கு வந்தது.

ஒரே குண்டு, ஒரே வாய்ப்பு

இத்தகைய நுண்பொறி எதற்காக வேண்டியிருந்தது? அக்காலத்து ரைபிளைப் பற்றிச் சிறிது அறிந்தால் விடை தெளிவாகும்.

இக்காலத் துப்பாக்கிக்குத் தோட்டாவைப் பின்புறமாகச் செலுத்துகிறோம். பழைய ரைபிளுக்கோ எல்லாம் குழலின் வாய் வழியாகவே போக வேண்டும். அளந்தெடுத்த வெடிமருந்தை முதலில் கொட்டுவர். பிறகு கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, கெட்டிக்கோலால் அடிவரை தள்ளுவர். பின்னர்ப் பூட்டின் பக்கத்திலுள்ள கிண்ணியில் சிறிது மருந்து இடுவர். பழகிய கைக்கும் இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். மானோ கரடியோ எதிரில் நிற்கும்போது இரண்டாவது முறை கெட்டிக்க அவகாசம் ஏது? வேடனுக்கு இருந்தது ஒரே குண்டு, ஒரே வாய்ப்பு.

அந்த ஒரு குண்டும் விசையை இழுத்த கணத்திலேயே புறப்பட்டு விடுவதில்லை. சுத்தி விழ வேண்டும். அதன் வாயிலுள்ள சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரச வேண்டும். பொறி கிண்ணியில் விழ வேண்டும். அந்தத் தீ சிறு துளை வழியே உட்புகுந்து குழலின் மருந்தைப் பற்ற வேண்டும். இத்தனையும் நிகழும் வரை குறி அசையாதிருத்தல் அவசியம்.

குறி எவ்வளவு அசைந்தால் எவ்வளவு பிழைக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். குழலின் நீளம் 42 அங்குலம் என்று கொள்வோம். விசையை இழுக்கும் விரலின் வலியால், குழலின் பின்முனை அப்படியே நிற்க, வாய் மட்டும் ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு விலகியது என்க. நூறு கஜத் தொலைவு 3,600 அங்குலமாகும். 3,600ஐ 42ஆல் வகுத்தால் ஏறக்குறைய 86. ஆகவே இலக்கில் விலகல் 86 மடங்காகிவிடும். அதாவது நான்கு அங்குலத்துக்கும் அதிகம். கண்ணுக்குப் புலப்படாத நடுக்கம் ஒன்று மானின் இருதயத்துக்கு வைத்த குறியை வெறும் காயமாக மாற்றிவிடும். அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதே அந்த விரலைப் பொறுத்திருந்தது.

பூட்டின் உள்ளே

இனி, பூட்டின் உட்புறத்தைக் காண்போம். அங்கே வலிய பட்டை வில் ஒன்று சுத்தியை முன்னோக்கி வீழ்த்த எப்போதும் முயன்றுகொண்டிருக்கும். சுத்தியின் அச்சோடு சேர்ந்து திரும்பும் உறுப்புக்குச் சுழலி என்று பெயரிடுவோம். ஆங்கிலத்தில் இதனை 'டம்ளர்' என்பர்; நாம் நீர் அருந்தும் டம்ளருக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. சுழலியின் விளிம்பில் இரண்டு காடிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒன்று பாதிக் காடி: துப்பாக்கியைச் சுமந்து செல்லும்போது சுத்தியைப் பத்திரமாக நிறுத்துவது. மற்றொன்று முழுக் காடி: சுடுவதற்கு ஆயத்தமாக நிறுத்துவது.

இக்காடிகளில் மூக்கை நுழைத்துச் சுழலியைத் தடுத்து நிற்பது ஒரு கொண்டி. கதவை நகராமல் பிடித்துக்கொள்ளும் கொண்டி போன்றதே இதுவும். கொண்டிக்குப் பக்கவாட்டில் நீண்ட கை ஒன்று உண்டு. கீழிருந்து விசை அந்தக் கையை உயர்த்தினால், கொண்டியின் மூக்குக் காடியிலிருந்து கழலும், சுத்தி விழும். சாதாரண ஒற்றை விசையின் வேலை இவ்வளவே.

ஒன்றோடொன்று மோதும் இரண்டு தேவைகள்

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. கொண்டியின் மூக்குக் காடிக்குள் ஆழமாகப் பதிந்திருந்தால் துப்பாக்கி பத்திரமானது. தவறிக் கீழே விழுந்தாலும், மரக்கிளையில் மோதினாலும் எளிதில் வெடிக்காது. ஆனால் ஆழமாகப் பதிந்ததை இழுத்துக் கழற்ற வலிமை வேண்டும். நான்கைந்து பவுண்டு விசையோடு இழுக்க வேண்டுமென்றால், அது துப்பாக்கியின் சொந்த எடையில் ஏறத்தாழப் பாதியாகும். அவ்வளவு வலிந்து இழுக்கும்போது குறி அசையாமலிருப்பது அரிது.

அறியாதவர் இதற்கு எளிய வழி ஒன்றை நினைப்பர். காடியை அரத்தால் ராவி ஆழத்தைக் குறைத்துவிட்டால் விசை இலேசாகுமல்லவா? இலேசாகும், கூடவே துப்பாக்கி கொலைப்பொறியாகவும் ஆகிவிடும். நூலிழை அளவில் தொற்றிக்கொண்டிருக்கும் கொண்டி எப்போது நழுவும் என்று யார் சொல்ல முடியும்?

மற்றொரு வழி நெம்புகோல் தத்துவம். விசை சுழலும் குறுக்காணிக்கும் கொண்டியின் கைக்கும் இடையே கால் அங்குலமும், குறுக்காணிக்கும் விரலுக்கும் இடையே ஓர் அங்குலமும் இருந்தால், விரலுக்கு வேண்டிய வலிமை கால் பங்காகக் குறையும். நல்ல தொழிலாளர்கள் சாதாரண விசையைப் பொருத்தும்போது குறுக்காணியை ஆய்ந்து தக்க இடத்தில் இடுவது இதற்காகவே. ஆயினும் வலிமை கால் பங்கானால், விரல் நகர வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. இவ்வழியில் ஓர் எல்லை வரைதான் போக முடியும்.

இரண்டு விசைகளின் கூட்டு வேலை

ஜெர்மானியர் கண்ட வழி முற்றிலும் வேறானது. கொண்டியையும் காடியையும் அவர்கள் மெல்லியதாக்கவில்லை. அவை ஆழமாகவும் வலிமையாகவுமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மென்மையை வேறோர் இடத்தில் வைத்தார்கள்.

இரட்டை நாணேற்று விசையில், காப்பு வளையத்துக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு விசைகள் இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் பின்விசை ஏற்றுவதற்கு, முன்விசை சுடுவதற்கு. பின்விசைக்குத் தனியாக ஒரு வலிய வில் உண்டு. அதன் மேற்புறம் ஒரு கை கொண்டியை நோக்கி நீண்டிருக்கும். வேடன் பின்விசையை இழுத்தால் அந்த வில் வளையும். கை கீழே இறங்கும். முன்விசையிலுள்ள சிறு பல் அதனைப் பற்றிக்கொள்ளும். 'கிளிக்' என்னும் ஓசை கேட்கும். இப்போது எலிப்பொறி வைத்தாயிற்று. இனி முன்விசையை மெல்லத் தொட்டால் போதும். சில அவுன்ஸ் அழுத்தத்திலேயே பல் கழலும். வளைந்திருந்த வில் பின்விசையின் கையை மேலே வீச, அது கொண்டியின் கையில் ஓங்கி அடிக்கும். கொண்டி காடியைவிட்டுத் துள்ளும், சுத்தி விழும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, கொண்டி அழுத்தப்படுவதில்லை, அடிக்கப்படுகிறது என்பதே. மரத்தில் நிறுத்திய ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காது. சுத்தியலால் தட்டினால் இறங்கும். நகரும் பொருள் தான் பெற்ற வேகத்தையெல்லாம் ஒரு கணத்தில் கொட்டிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே, பின்விசையின் கைக்கும் கொண்டிக்கும் இடையே சிறிது இடைவெளி வேண்டும். ஓடிவந்து தாண்டுபவனுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டுமல்லவா? அதுபோல அக்கை வேகம் பெறுவதற்கு அந்த இடைவெளி உதவுகிறது.

இதில் இரு வகை உண்டு. ஒரு வகையில் பின்விசையின் கை மட்டுமே கொண்டியைத் தொடும். விசையை ஏற்றாதபோது அந்தக் கை கொண்டியை உயர்த்தியே பிடித்திருக்குமாதலால், முதலில் விசையை ஏற்றிய பிறகே சுத்தியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த முடியும். மற்றொரு வகையில் முன்விசைக்கும் ஒரு கை உண்டு. அவசர வேளையில் பின்விசையைத் தொடாமலே முன்விசையைச் சற்று வலிந்து இழுத்துச் சுடலாம். நிதானமாகக் குறி வைக்கும்போது ஏற்றிச் சுடலாம். புதர் மறைவிலிருந்து விலங்கு திடீரெனப் பாயக்கூடிய காட்டில் இவ்வகையின் பயன் சொல்லாமலே விளங்கும். இவை தவிர, ஒரே விசையை முன்னோக்கித் தள்ளி ஏற்றும் ஒற்றை நாணேற்று விசையும் உண்டு.

சிறு 'ஈ' செய்யும் பெருந்தொண்டு

சாதாரண விசையால் சுடும்போது, சுத்தி விழுந்து முடியும் வரை விரல் விசையை இழுத்தபடியே இருக்கும். அதனால் கொண்டியின் மூக்குச் சுழலியைவிட்டு விலகியே நிற்கும். நாணேற்று விசையிலோ அடி ஒரு கணம்தான். அடிபட்டுத் துள்ளிய கொண்டியை அதன் சிறு வில் உடனே பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அதற்குள் சுழலி முழுவதும் திரும்பியிராது. ஓடுகின்ற சுழலியின் பாதிக் காடி வந்து சேர, கொண்டியின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும். சுத்தி நடுவழியில் நின்றுவிடும். மூக்கோ காடியின் விளிம்போ உடைந்தும் போகலாம். அவ்வாறு விளிம்பு சிதைந்த பாதிக் காடியை நம்பித் தோளில் துப்பாக்கியைச் சுமப்பவனின் உயிருக்குப் பொறுப்பு யார்?

இதனைத் தடுப்பதற்காகச் சுழலியில், பாதிக் காடிக்கு அருகே, அரிசிமணி அளவான ஒரு தகட்டைச் சிறு அச்சில் ஆடும்படி வைத்தனர். ஆங்கிலத்தில் இதற்கு 'பிளை', அதாவது 'ஈ', என்று பெயர். சுத்தியைப் பின்னுக்கு இழுக்கும்போது கொண்டியின் மூக்கு இந்த ஈயை ஒதுக்கிவிட்டுப் பாதிக் காடியில் விழும். முழுக் காடியிலிருந்து சுத்தி விழும்போதோ, ஈ எதிர்ப்புறம் சாய்ந்து பாதிக் காடியின் வாயை மூடும். மூக்கு அதன்மேல் பாலத்தில் நடப்பது போல நடந்து போய்விடும். பூட்டில் ஈ உண்டா என்று பாராமல் நாணேற்று விசையைப் பொருத்தும் தொழிலாளன் அரைகுறைத் தொழிலாளனே.

பொருத்தும் கலை

உறுப்புகளைச் செய்வதைக் காட்டிலும் அவற்றைக் கட்டையில் பொருத்துவதே கடினம். இரண்டு விசைகளும் ஓர் இரும்புத் தகட்டில் அமைந்திருக்கும். குழலின் பின்முனையில் வால் போல நீண்ட பட்டையிலிருந்து கட்டையை ஊடுருவி வரும் திருகாணி, பல துப்பாக்கிகளில் இந்தத் தகட்டில்தான் முடியும். ஆகவே இத்தகடு விசைகளைத் தாங்குவதோடு குழலையும் கட்டையையும் இறுகப் பிணைக்கிறது. குழல், பூட்டு, விசைத்தகடு ஆகிய மூன்றின் இடமும் ஒன்றையொன்று பற்றியவை. ஒன்று தவறினால் மற்றவையும் தவறும்.

முதலில் குழலையும் பூட்டையும் கட்டையில் பதித்த பின்னரே விசைக்கு இடம் குறிப்பர். கொண்டியின் கை கட்டைக்குள் எங்கே நிற்கிறது என்று அளந்து, விசைகளின் கைகள் அதன் நேர் கீழே வருமாறு தகட்டை வைப்பர். அதே வேளையில் சுடுபவனின் கை நீளத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். தோளில் பதியும் அடிக்கட்டையின் முனையிலிருந்து முன்விசை வரை பெரும்பாலும் 13 அல்லது 14 அங்குலம் இருக்கும்.

தகட்டைப் பதிக்கும் முறையே பார்க்கத் தக்கது. தகட்டின் அடியில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் அழுத்தி எடுப்பர். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் மெல்லச் சீவி, மீண்டும் கரி பூசி அழுத்துவர். இப்படிப் பல முறை செய்த பின், இரும்பும் மரமும் இடையே மயிரிழையும் நுழையாதபடி பொருந்தும். அவசரக்காரன் ஆழமாகச் சீவிவிட்டால், விசையின் கை கொண்டிக்கு அருகே போய்விடும். வெட்டிய மரம் மீண்டும் வளராது.

அடுத்தது இடைவெளிச் சோதனை. சுத்தியைப் பாதிக் காடியிலும் முழுக் காடியிலும் தனித்தனியே நிறுத்தி, விசையை ஏற்றிய நிலையில் கொண்டியின் கைக்கும் விசையின் கைகளுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் காடி பெரும்பாலும் ஆழமானதாகையால் அங்கே கொண்டியின் கை மிகத் தாழ்ந்து நிற்கும். சிறப்பாக அவ்விடத்தைச் சோதிக்க வேண்டும். விசையின் கை கொண்டியைத் தாங்கி நின்றால், மூக்குக் காடிக்குள் முழுதும் பதியாது. வெளியே பார்ப்பவனுக்குத் துப்பாக்கி பத்திரமாகத் தோன்றும். உள்ளேயோ மூக்குக் காடியின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். கொண்டியின் கை செல்லும் துளையும் அது எங்கும் உரசாத அளவுக்கு அகன்றிருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கையைப் பிடித்துக்கொண்டால் எல்லா நுட்பமும் வீணே.

கடைசியாக, இரண்டு விசைகளுக்கும் நடுவே உள்ள சிறு திருகாணி. இதனைத் திருகினால் முன்விசையின் பல் எவ்வளவு ஆழம் பற்றுகிறது என்பது மாறும். மிகக் குறைத்தால் மூச்சுப் பட்டாலே வெடிக்கும் போலாகிவிடும். அறிந்த தொழிலாளி விசையை ஏற்றி, வெறுந்துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் தட்டிப் பார்ப்பான். விசை தானே கழன்றால் திருகாணியைத் திருப்பிப் பிடிப்பை ஆழமாக்குவான். மருந்தும் குண்டும் இல்லையென்று இருமுறை உறுதி செய்துகொண்ட பின்னரே இச்சோதனையைத் தொடங்குவது அத்தொழிலின் ஒழுக்கம்.

ரைன் நதியிலிருந்து மிசிசிப்பி வரை

ஜெர்மானிய நாடுகளில் வேட்டைக்காரர்கள் ஏந்திய குட்டையான, பருத்த துவாரமுள்ள 'யேகர்' ரைபிள்களில் இவ்விசை விரும்பிப் பொருத்தப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாடுகளிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறியவர்களோடு துப்பாக்கித் தொழிலாளர்களும் சென்றார்கள். லங்காஸ்டர் வட்டாரத்தில் அவர்கள் பட்டறைகள் பெருகின. அங்கே குழல் நீண்டது, துவாரம் சிறுத்தது, மேப்பிள் மரத்தில் கட்டை அமைந்தது. ஜெர்மனியில் பிறந்து லங்காஸ்டரில் புகழ்பெற்ற ஜேக்கப் டிக்கர்ட் போன்றோரின் கையில் அது பென்சில்வேனியாவின் நீள் ரைபிளாக உருவெடுத்தது. அவற்றுள் பல ஒற்றை விசை கொண்டவை. நுண்ணிய குறியை நாடியவர்களுக்கு இரட்டை விசை பொருத்தித் தரப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப் ஹாக்கன், சாமுவேல் ஹாக்கன் என்னும் சகோதரர்கள், ராக்கி மலைகளுக்குச் செல்லும் வேட்டைக்காரர்களுக்காகக் கனத்த ரைபிள்களைச் செய்தனர். இவர்களுடைய ரைபிள்களில் இரட்டை நாணேற்று விசை ஏறக்குறைய ஒரு முத்திரையாகவே விளங்கியது. ஜேக்கப் 1849இல் காலராவுக்கு இரையானார். தம்பி சாமுவேல் தொழிலைத் தொடர்ந்தார்.

போர்ப்படைகளோ இவ்விசையைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. 1800ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையில் புகுந்த பேக்கர் ரைபிளுக்கும், 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிளுக்கும் சாதாரண விசைதான். தோளோடு தோள் நெருங்கி, பரபரப்பில் நிற்கும் ஆயிரம் பேர் கையில் இந்நுண்பொறியைக் கொடுப்பது எதிரியைவிடப் பக்கத்தில் நிற்பவனுக்கே ஆபத்தாகும்.

இன்றும் தீராத ஒரு வழக்கு

அந்த ஆபத்து எத்தகையது என்பதை வரலாறு ஒரு முறை உரக்கவே சொன்னது. 1804ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள வீஹாக்கனில், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனும், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த ஏரன் பர்ரும் கைத்துப்பாக்கிகளுடன் தனிப்போர் செய்தனர். ஹாமில்டனின் குண்டு பர்ருக்கு மேலே மரத்தில் பாய்ந்தது. பர்ரின் குண்டு ஹாமில்டனின் வயிற்றில் பாய்ந்தது. மறுநாள் அவர் இறந்தார்.

அந்த லண்டன் கைத்துப்பாக்கிகள் பிற்காலத்துக்கும் பத்திரமாக இருந்தன. 1976இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி அவற்றுக்கு மாதிரி செய்வதற்காகப் பிரித்துப் பார்த்தபோது, விசையில் நாணேற்றும் பொறி மறைந்திருப்பது தெரிந்தது. ஹாமில்டன் வேண்டுமென்றே மேலே சுட்டாரா, அன்றி ஏற்றிய விசை குறி முடியுமுன் அவர் விரல் பட்டுக் கழன்றதா என்னும் கேள்வி அதன்பின் வலுத்தது. விசையை ஏற்றட்டுமா என்று கேட்டபோது, இம்முறை வேண்டாம் என்று ஹாமில்டன் மறுத்ததாக அவருடைய துணைவர் எழுதி வைத்திருக்கிறார். அதை ஏற்பாரும் உளர்; ஐயுறுவாரும் உளர். சில அவுன்ஸ் அழுத்தத்தில் ஒரு மனிதரின் கருத்தே மறைந்துகிடக்கிறது.

இப்பொறி கற்பிப்பது

வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரைபிள்கள் இன்று பெரும்பாலும் காட்சிசாலைகளில் இருக்கின்றன. எனினும் 1933இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியச் சங்கம் ஒன்று, இண்டியானா மாநிலத்துப் பிரண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் இத்தகைய ரைபிள்களுக்குப் போட்டி நடத்திவருகிறது. பழைய முறைப்படி அரமும் உளியும் விளக்குக் கரியும் கொண்டு புதிதாகச் செய்வோரும் அங்கே இருக்கின்றனர். ஒலிம்பிக் பந்தயத்தில் 2016 வரை நடந்த 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில், விசையின் பளுவுக்குக் கீழெல்லை விதிக்கப்படவில்லை. நாணேற்றும் விசைகள் அங்கேயும் பயன்பட்டன.

இப்பொறியை ஆராய்ந்தால் இரண்டு செய்திகள் புலனாகும். வலிமையும் மென்மையும் ஒரே உறுப்பில் கலக்கும்போது இரண்டும் கெடும். தனித்தனி உறுப்புகளில் வைத்து இணைக்கும்போது இரண்டும் பயன்படும். இது கைவினைஞன் கண்டது. மற்றொன்று, மென்மையான பிடிப்பு நெடுநேரம் நிலைக்கத் தக்கதன்று என்பது. ஆகையால்தான் பழைய வேடர்கள் ஏற்றிய விசையோடு ஓரடியும் நடக்கமாட்டார்கள். இலக்கைக் கண்டு, துப்பாக்கியைத் தோளில் சேர்த்து, குறி நிலைத்த பின்னரே பின்விசையை இழுப்பார்கள். பொறியைச் செய்தவன் எத்துணைத் திறமைசாலியாயினும், இந்தக் கடைசிப் பொறுப்பு ஏந்துபவனுடையதே. அதனை எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய முடியாது.